வெடித்த பாத்திச் சுவரைச் சரிசெய்தது

பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக்கில் இரண்டடி உயரக் காய்கறிப் பாத்தி கட்ட ஆள் விட்டேன், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டாமல் தரைமேலேயே கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், ஐப்பசி மழையில் உள்ளே கொட்டியிருந்த கரிசல் மண் தண்ணீர் குடித்து உப்பியதும் சுவர் வெளியே தள்ளி, மூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மனசே விட்டுப்போச்சு.

வேறு கொத்தனார் அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்தார். "தண்ணி போக வழியே இல்லையே, சுவர் என்ன செய்யும்?" என்றார். அந்தப் பக்கத்தைப் பிரித்து, வானம் தோண்டி கான்கிரீட் போட்டு, பிளாக் ஓட்டைக்குள் கம்பி நிறுத்திக் கலவை நிரப்பினோம். அடிவரிசையில் நாலடிக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு, பின்னால் ஜல்லி. ஒரு வாரம் சுவரை நனைத்த அப்புறம்தான் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து போட்டேன்.

அடுத்த மழையில் குழாய் வழியாகக் கலங்கல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, சுவர் அசையவில்லை.