சிறுவருக்கு வகுத்தல் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுத்தல் என்றால் பங்கிடுதல் என்று பிள்ளையின் மனத்தில் பதித்துவிட்டு அத்துடன் நின்றுவிடுவதே, ஆரம்ப வகுப்புகளிலும் வீடுகளிலும் நிகழும் தவறுகளுள் முதன்மையானது. 12 புளியங்கொட்டைகளை 3 பிள்ளைகளுக்குச் சமனாகப் பங்கிட்டால் ஒருவருக்கு 4 கிடைக்கும். அதே 12 கொட்டைகளை மும்மூன்றாகக் குவித்தால் 4 குவியல்கள் வரும். இரண்டையும் 12 ÷ 3 = 4 என்றே எழுதுகிறோம். ஆனால் முதலாவதில் எத்தனை பேர் என்பது தெரியும், ஒருவருக்கு எவ்வளவு என்பதைத் தேடுகிறோம். இரண்டாவதில் ஒரு குவியலில் எவ்வளவு என்பது தெரியும், குவியல்கள் எத்தனை என்பதைத் தேடுகிறோம். விடை ஒன்றாக இருப்பதால் பெரியவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கையால் செய்து பார்க்கும் பிள்ளைக்கு இவை இரண்டு வேறு வேலைகள்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பெற்றோருடன் சந்தைக்குப் போய்வரும் பிள்ளைக்கு இரண்டாவது வகை புதிதன்று. சிறு மீன்களைக் கூறு வைத்து விற்பதை அது பார்த்தே இருக்கும். 20 மீன்களைக் கூறுக்கு 5 வீதம் வைத்தால் எத்தனை கூறு வரும் என்று கேட்டு, பிள்ளையின் கையாலேயே கூறு வைக்கச் செய்ய வேண்டும். இந்தப் பயிற்சி தவறினால் அதன் விளைவு உடனே தெரியாது. பின்னங்கள் வரும்போதுதான் தெரியும். 6 ÷ ½ என்பதை அரை ஆளுக்குப் பங்கிடுவதாக எண்ணிப் பார்க்க எந்தப் பிள்ளையாலும் இயலாது. 6 லீற்றர் பாலை அரை லீற்றர் போத்தல்களில் ஊற்றினால் எத்தனை போத்தல்கள் நிறையும் என்று கேட்டால், 12 என்ற விடை தானாக வரும்.

அடுத்த தவறு, சொல்லைப் பார்த்துக் கணக்கின் வகையைத் தீர்மானிக்கப் பழக்குவது. ‘ஒவ்வொருவருக்கும்’ என்று வந்தால் வகுக்க வேண்டும் என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்தால், “4 பேருக்கு ஒவ்வொருவருக்கும் 5 மாம்பழம் வீதம் கொடுக்க எத்தனை மாம்பழம் வேண்டும்?” என்ற பெருக்கல் கணக்கையும் பிள்ளை வகுக்கத் தொடங்கும். மொத்தம் தெரிந்திருக்கிறதா, அல்லது மொத்தத்தைத்தான் தேடுகிறோமா என்று கேட்கப் பழக்குவதே சரியான வழி.

மீதி வராத எண்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் பிள்ளைக்கு நன்மை செய்யாது. 14 ÷ 4 என்பதையே எடுத்துக்கொள்வோம். 14 மீன்களைக் கூறுக்கு 4 வீதம் வைத்தால் 3 கூறு வரும், 2 மீன் மீதி. மண்டூருக்குப் போகக் குருமண்வெளித் துறையில் 14 பேர் நிற்கிறார்கள், ஒரு தோணியில் 4 பேர்தான் ஏறலாம் என்றால், 4 தோணிகள் வேண்டும். மீதி 2 பேரைக் கரையில் விட்டுவிட முடியாது. 14 ரொட்டியை 4 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்றரை. எண்கள் ஒன்றாக இருந்தும், கதை மாற விடை மாறுகிறது. இதை உணராத பிள்ளை, ‘3 மீதி 2’ என்று எழுதிவிட்டு, கேள்வி என்ன கேட்டது என்பதை மறந்துவிடும். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறிதாக இருக்க வேண்டும் என்பதையும் விதியாக ஒப்புவிக்கத் தேவையில்லை. 4 மீன் மிஞ்சினால் இன்னுமொரு கூறு வைக்கலாமே என்று பிள்ளையே சொல்லும்.

பங்கிடும்போது ஒன்றுக்கொன்று சமனாக வந்ததா என்று பிள்ளை தானே சரிபார்க்க இடம்கொடாமல் நாம் திருத்திவிடுவதும், ‘பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகு’ என்று சொல்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை. 3 ரொட்டியை 4 பேருக்குப் பங்கிடும் நாள் வரும்போது அந்தப் பேச்சு பொய்யாகிவிடும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து, பொருள்களைத் தொடும் முன்பே ÷ குறியையும் நெடுவகுத்தலையும் திணிக்கும் அவசரம் மிகவும் வருத்தத்திற்குரியது. குறி, பிள்ளை ஏற்கெனவே செய்த செயலுக்கு இடும் பெயராக வர வேண்டும்; 3 × 4 = 12 என்ற பெருக்கலையும் அதே கொட்டைகளை வரிசையாக அடுக்கிக் காட்டி அதனுடன் இணைக்க வேண்டும்.

பிள்ளை விளங்கிக்கொண்டதா என்று அறிய, 15 ÷ 5 என்று எழுதிக் கொடுத்து, அதற்கு இரண்டு கதைகள் சொல்லுமாறு கேட்கலாம். இரண்டு கதைகளிலும் 5 பேர் வந்து பங்கு வாங்கிப் போனால், ஐந்தைந்தாகக் கூறு வைக்கும் பயிற்சிக்கு மீண்டும் போக வேண்டும்.