பிரிட்டனில் கோழி வளர்க்கப் போகிறீர்களா? அடுப்படி மிச்சத்தைப் போட்டுவிடாதீர்கள்

பின்பக்கம் கொஞ்சம் புல்தரையோடு வாடகை வீடு கிடைத்துவிட்டால் நம்மவர்களுக்கு வரும் முதல் ஆசை கறிவேப்பிலைச் செடி, அடுத்தது கோழி. கறிவேப்பிலை இங்கே குளிரில் கருகிவிடும். கோழி தாங்கும். பிள்ளைகளும் கைபேசியை வைத்துவிட்டு வெளியே ஓடுவார்கள். அதனால் தாராளமாக வளர்க்கலாம் என்பதுதான் என் பேச்சு.

அரசு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கோழி இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் 2024 செப்டம்பர் 1 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதலும் இதுதான் சட்டம். இணையத்திலேயே செய்துவிடலாம், கட்டணம் கிடையாது. பதிவு செய்தால் பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழியை அடைத்து வைக்கச் சொல்லும் அறிவிப்பும் உங்களுக்கு வந்து சேரும். வாடகை வீடென்றால் ஏஜென்ட்டிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சேவல் வேண்டாம், விடிகாலைக் கூவலுக்கே கவுன்சிலில் புகார் போகும். ராத்திரி கூட்டைப் பூட்டாமல் தூங்காதீர்கள், லண்டனில் நரி தெருவிலேயே திரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பர் நாமக்கல்காரர். ஊரே முட்டைக்குப் பேர்போனது, அவருக்குக் கோழியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாலு பெட்டை வாங்கி, நல்ல மரக்கூடு அமைத்து, அருமையாகத்தான் வளர்த்தார். தினமும் மிஞ்சிய சோறு, காய்த்தோல், சப்பாத்தித் துண்டு எல்லாம் கோழிக்குப் போனது. ஊரில் வேறெப்படி வளர்ப்போம்? எங்கள் அம்மாயி பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதல் வேலையாகப் பழைய சோற்றைத்தான் வாசலில் இறைப்பார். அந்த நினைவு எனக்கும் இருக்கிறது, அவருக்கும் இருந்தது. சோற்றுக்கு எலி வந்தது. பக்கத்து வீட்டில் புகார் கொடுத்தார்கள். கவுன்சிலிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது: வீட்டு அடுப்படி வழியாக வந்த எந்த மிச்சத்தையும் இங்கே கோழிக்குப் போடுவது சட்டவிரோதம். செல்லத்துக்கு வளர்த்தாலும் அதேதான்.

நண்பர் வீட்டில் முட்டை தவிர அசைவமே கிடையாது. “எங்கள் அடுப்படிக்குள் கறியே வந்ததில்லை” என்று அவர் சொன்னது எடுபடவில்லை. விலக்கு முழு வீகன் வீட்டுக்கு மட்டும்தான். பால், தயிர், நெய், முட்டை புழங்கும் அடுப்படியில் நறுக்கிய கேரட் தோலும் கூடாது. நம் சைவ வீடுகள் எல்லாமே இதில் மாட்டும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் விஷயம் ஏஜென்ட் காதுக்குப் போனதும் கோழிகளை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார். கூட்டுக்குப் போட்ட பணமும் போச்சு, பிள்ளைகளும் அழுதார்கள். கோழியை விற்றவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2001-இல் இங்கே கோமாரி நோய் பரவியது. நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் போட்டதில் தொடங்கியதாகக் கண்டறிந்தார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள், பொதுத்தேர்தலே ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்தக் காயம் இவர்களுக்கு ஆறவில்லை. அதைப் புரிந்துகொண்டால் விதி மேல் கோபம் வராது.

நண்பரைக் கெடுத்ததில் யூடியூபுக்கும் பங்குண்டு. அமெரிக்கக்காரர் வாளி நிறைய அடுப்படி மிச்சத்தைக் கொட்டுவார், ஆஸ்திரேலியக்காரர் கோழியை ‘சுக்’ என்று கொஞ்சிக்கொண்டே அதையே செய்வார். அவர்கள் ஊரில் அது சாதாரணம். ஆங்கிலம்தானே என்று இங்கே அப்படியே செய்யக் கூடாது. அவர்கள் கை நிறையத் தூவும் காய்ந்த புழு, அதாவது மீல்வார்ம், அதுவும் இங்கே கோழிக்குத் தடை. காட்டுப் பறவைகளுக்கென்று கடையில் விற்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தீவனம் வாங்கும்போது பெயரும் குழப்பும். அமெரிக்கர் ‘கார்ன்’ என்றால் மக்காச்சோளம். இங்கே ‘மிக்ஸ்ட் கார்ன்’ மூட்டையைப் பிரித்தால் பெரும்பாலும் கோதுமைதான், மக்காச்சோளம் கொஞ்சம் கலந்திருக்கும். அவர்களுடைய ‘கிராக்ட் கார்ன்’ வேண்டுமென்றால் இங்கே ‘கிப்பிள்ட் மெய்ஸ்’ என்று கேட்க வேண்டும். அவர்களுடைய ஃபிளாக்ஸ் சீட், நம் ஆளிவிதை, இங்கே லின்சீட். ‘கிரிட்ஸ்’ அமெரிக்காவில் மக்காச்சோளக் கஞ்சி. இங்கே கோழிக்கடையில் ‘கிரிட்’ என்று கேட்டால் பொடிக்கல் தருவார்கள். கோழியின் வயிற்றில் இரையை அரைக்க அது அவசியம், வாங்கி வையுங்கள்.

கறிக் கடையிலும் இதே கதைதான். ‘பிராய்லர்’ இளங்கோழி. நாட்டுக்கோழிக் குழம்பு நாக்கில் நிற்பவர்கள் ஆசியக் கறிக் கடைகளில் ‘பாய்லர்’ என்று கேளுங்கள், முட்டையிட்டு ஓய்ந்த முற்றல் கோழி கிடைக்கும். நேரம் எடுத்துத்தான் வேகும், ஆனால் சாறு நம் ஊர்ச் சாறுக்குப் பக்கத்தில் வரும். தோட்டத்துக் கோழியை ஊரில் செய்வது போல் வீட்டிலேயே கழுத்தறுக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம், அதுவும் சட்டப்படி கூடாது.

அப்புறம் என்னதான் போடுவது? ‘லேயர்ஸ் பெல்லட்ஸ்’ என்ற முட்டைக்கோழித் தீவன மூட்டைதான் அன்றாடச் சாப்பாடு, மிக்ஸ்ட் கார்ன் சாயங்காலம் ஒரு கைப்பிடி. கீரை, முட்டைக்கோஸ் கொடுக்க ஆசையென்றால் தோட்டத்திலேயே விதைத்து, பறித்த கையோடு கூட்டுக்குள் போடுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கழுவி எடுத்து வந்தால் அதுவும் அடுப்படி மிச்சக் கணக்கில் சேர்ந்துவிடும். காய்த்தோல் போடும் கம்போஸ்ட் குழிக்கு வலை அடித்து வையுங்கள், கோழி அங்கேதான் முதலில் கிளறப் போகும்.