புது செல் போட்டும் வாட்ச் நின்றுபோகிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அப்பாவின் பழைய குவார்ட்ஸ் வாட்ச்சுக்குப் புது செல் போட்டேன். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் காலையில் நின்றிருந்தது. கடையில் காட்டினால், "மிஷின் போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். மனசு வராமல், நாற்பது வருஷமாக வாட்ச் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் மிஷினைத் தொடவே இல்லை. செல்லை எடுத்து மீட்டரில் வைத்தார். 1.3 வோல்ட்கூட இல்லை.

நான் செய்த தவறு, எண்ணை மட்டும் பார்த்து வாங்கியது. பழையது எஸ்ஆர் 626, நான் வாங்கியது எல்ஆர் 626. இரண்டும் ஒரே அளவுதான்: 6.8 மி.மீ. அகலம், 2.6 மி.மீ. உயரம். ஆனால் எஸ்ஆர் என்றால் சில்வர் ஆக்சைடு. 1.55 வோல்ட்டை ஏறக்குறைய கடைசிவரை அப்படியே கொடுக்கும். எல்ஆர் என்பது ஆல்கலைன். 1.5 வோல்ட்டில் தொடங்கி, ஓட ஓட இறங்கிக்கொண்டே வரும். அட்டையில் பத்துப் பத்தாகத் தொங்கும் ஏஜி 4 இந்த வகைதான். கடையில் வெகுநாள் கிடந்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உயரத்தையும் கவனியுங்கள். 626 இருக்க வேண்டிய இடத்தில் 621 போட்டால் அதுவும் அழகாக உட்காரும். ஆனால் அரை மி.மீ. குறைவு என்பதால், கை அசையும்போது தொடர்பு விட்டுப் போகும்.

வெறும் விரலால் செல்லின் இரண்டு முகங்களையும் பிடிப்பதும் தவறு. வியர்வையும் எண்ணெய்ப்பசையும் படிந்துவிடும். இரும்பு இடுக்கியால் இரு முகங்களையும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகிச் செல்லின் சக்தி வீணாகும். பிளாஸ்டிக் இடுக்கி நல்லது. பழைய செல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். செல் படக்கூடாத இடத்தில் படாமல் காப்பது அதுதான். செல் உட்காரும் குழியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அதைச் சுத்தம் செய்யாமல் எந்த செல் போட்டும் பயனில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது காயில்தான். மூடியைத் திறந்ததும் செம்பு நிறத்தில் சின்ன நூல்கண்டு மாதிரி தெரியும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. உள்ளே குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அதை நொடிக்கு ஒரு துடிப்பாகக் குறைத்து இந்தக் காயிலுக்கு அனுப்ப, சின்னக் காந்தம் அரைச்சுற்று திரும்பி முள்ளை நகர்த்துகிறது. செல்லை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அதில் ஒரே ஒரு இழை அறுந்தாலும் அவ்வளவுதான், உண்மையிலேயே மிஷின் போய்விடும். அதனால் காயில் இருக்கும் பக்கம் நோக்கி நெம்பவே கூடாது.

முள் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். நொடி முள் இரண்டிரண்டு அல்லது நான்கு நான்கு நொடியாகத் தாவினால் பதற வேண்டாம். செல் தீரப்போகிறது என்று பல வாட்ச்கள் காட்டும் அடையாளம் அது. புது செல்லிலும் தாவினால் அந்த செல் சரியில்லை. ஒரே இடத்தில் நின்று துடித்தால் துடிப்பு வருகிறது, தள்ளத்தான் பலம் போதவில்லை. ஒன்று செல் வலுவில்லை, இல்லையென்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்திருக்கிறது, அல்லது முள் எங்கோ உரசுகிறது. பிந்தைய இரண்டுக்கும் சர்வீஸ்தான் வழி. செல்லை மாற்றி மாற்றிப் போடுவது வீண் செலவு.

முள் அசையவே இல்லையா? நேரம் வைக்க இழுத்த சாவி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி வெளியே இருந்தாலே பல வாட்ச்கள் ஓடாது. பல டிஜிட்டல் வாட்ச்களிலும் சில குரோனோகிராஃப்களிலும் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ளவை) 'ஏசி', அதாவது 'ஆல் கிளியர்' என்று ஒரு புள்ளி குறித்திருக்கும். செல் மாற்றியதும் அதை ஒருமுறை ஷார்ட் செய்து ரீசெட் பண்ண வேண்டும். எதோடு, எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். அப்புறம், ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்தப் பூட்டுள்ள கைப்பைக்குள்ளோ வைத்திருந்தாலும் நிற்கும். எடுத்து வேறிடத்தில் வைத்தால் ஓடத் தொடங்கும்.

அப்பாவின் வாட்ச்சுக்கு எஸ்ஆர் செல் போட்டதும் முள் நகர்ந்தது. மூடியை அழுத்தும் முன் பெரியவர், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். கழற்றிய செல்லை மேசையில் விடாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினார். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும் என்றார்.