சங்குப் பள்ளத்துப் பனியாறு: சீனப் பெயர்களுக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 7,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது கோங்கா மலை. அதன் கிழக்குச் சரிவில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், இறங்கி வருகிறது. நடுவில் 1,000 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள பனியருவி. கீழ்முனையோ மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் வந்து நிற்கிறது. இதன் பெயர் ஹைலுவோகோ. இந்த ஒரு பெயருக்குப் பொருள் தேடப் போனாலே, சறுக்கிவிழ எத்தனை இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் சறுக்கல், சொல்லை உடைத்து உடைத்துப் பொருள் சொல்வது. 'ஹை' என்றால் கடல். 'லுவோ' என்றால் சுருள் ஓடுள்ள நத்தை வகை. உடனே 'கடல் நத்தை' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் இரண்டும் சேர்ந்த 'ஹைலுவோ' சீனர் பேச்சில் ஒரே சொல். அதற்கு நம்மிடம் சங்கு என்ற அருமையான சொல் இருக்கும்போது கடல் நத்தை எதற்கு? திபெத்தியப் பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்களில் வெண்சங்கும் ஒன்று. ஒரு துறவி அங்கே குகையில் தங்கிச் சங்கு ஊதினார் என்று பெயருக்கு ஒரு கதையும் சொல்வார்கள். அதைக் கதை என்றே குறிப்பிடுங்கள், வரலாறாக எழுதிவிடாதீர்கள்.

வடமேற்குச் சீனாவின் சீலியென் மலைத்தொடரில் உள்ள லாவோஹுகோ பனியாற்றுக்கும் இதே கதிதான். 'லாவோ' என்றால் முதுமை, 'ஹு' என்றால் புலி, ஆகவே 'கிழப்புலிப் பள்ளம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. 'லாவோஹு' என்றால் வெறும் புலி. எலிக்கும் இதே முன்னொட்டு வரும், லாவோஷு. நேற்றுப் பிறந்த எலிக்குட்டியும் லாவோஷுதான்.

இரண்டாவது, எழுத்துருவைப் பார்க்காமல் ஒலியை மட்டும் நம்புவது. 'கோ' என்ற ஒலிக்குச் சீனத்தில் பல சொற்கள் உண்டு. ஏறாமல் இறங்காமல் உயர்ந்தே நீளும் தொனியில் சொன்னால் பள்ளம், ஓடை. தாழ்ந்து எழும் தொனியில் சொன்னால் நாய். தொனிக்குறி இல்லாத ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சீன எழுத்தை எடுத்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. பள்ளத்தைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் இருக்கும். நாயைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கம் விலங்குக்குறி. பெயரை அலச உட்காரும் முன் மூல எழுத்தைத் தேடி எடுங்கள். அது கிடைக்காவிட்டால் பொருள் சொல்லாமல் விடுவதே மரியாதை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சீன எழுத்தில் இருப்பதாலேயே ஒரு பெயர் சீனப் பெயர் ஆகிவிடாது. ஹைலுவோகோ சீனச் சொல். அது பிறக்கும் மலையான கோங்காவோ திபெத்தியச் சொல். 'கங்கார்', அதாவது வெண்பனி. சீனர் அதை ஒலிக்கு ஒலி எழுதியபோது முதல் அசைக்கு வாய்த்த எழுத்தின் சொந்தப் பொருள் கப்பம். அதை வைத்துக்கொண்டு 'கப்பம் கட்டிய மலை' என்று கதை கட்டினால், அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயரையே அழித்தவர்கள் ஆவோம். சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள முஸ்தாக் அத்தா மலையும் அப்படித்தான். அது துருக்கிய மொழிப் பெயர். பனிமலைகளின் தந்தை என்று பொருள். சீனத்தில் அதன் முதல் எழுத்து 'வியந்து போற்று' என்று பொருள்படும், ஆனால் பெயருக்கும் அதற்கும் உறவே கிடையாது. சீலியென் என்ற பெயர்கூட, பழங்கால நாடோடிகளான சியோங்னு மக்கள் வானத்தைக் குறித்த சொல் என்று தாங் அரசமரபுக் காலத்து (7-ஆம் நூற்றாண்டு) உரையாசிரியர் யான் ஷிகு எழுதியிருக்கிறார்.

பழைய நூல்களில் தேடுபவர்கள் இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துத் தேடி ஏமாறக் கூடாது. 1932-இல் கோங்கா உச்சியை முதன்முதலில் எட்டிய அமெரிக்கர்களுக்கு அது 'மின்யா கொங்கா'.

தமிழில் எழுதும்போது உச்சரிப்பு ஒரு தொல்லை. சீனப் பெயரில் ஆங்கிலக் 'க்யூ' எழுத்தைக் கண்டால் கை தானாகக் ககரம் போடுகிறது. அது சகரத்துக்கு நெருங்கிய ஒலி. கிலியன் அல்ல, சீலியென். பெயரின் வாலையும் வெட்டாதீர்கள். சங்கு என்ற பெயர் பள்ளத்துக்கு வைத்தது. பனியாறு பள்ளத்திடமிருந்து அதைப் பெற்றது. ஆகவே 'ஹைலுவோ பனியாறு' தவறு, 'ஹைலுவோகோ பனியாறு' சரி. அதைப் பனிப்பாறை என்றும் எழுத வேண்டாம். சீனச் சொல்லான 'பிங்சுவான்' பனிக்கட்டியையும் ஆற்றையும் சேர்த்துச் செய்தது. நம் 'பனியாறு' அதே பொருளை அப்படியே தருகிறது.

எண்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். லாவோஹுகோ 12-ஆம் எண் பனியாறு என்றால் அளவில் பன்னிரண்டாவது என்று பொருளில்லை; சீலியென் தொடரின் பள்ளத்தாக்குப் பனியாறுகளிலேயே பெரியது அதுதான். வடமேற்குச் சீனாவின் தியான்ஷான் மலையில், உரும்சி ஆற்றின் தலைப்பில் உள்ள 1-ஆம் எண் பனியாற்றை 1959 முதல் அளந்து வருகிறார்கள். அது 1993-இல் உருகி இரண்டாகப் பிரிந்துவிட்டது, பெயர் மட்டும் ஒன்றாகவே நிற்கிறது. அதன் இன்றைய நீளத்தை எழுதுபவர் கிழக்குக் கிளையா மேற்குக் கிளையா என்று சொல்லியாக வேண்டும்.