செயற்கைப் பாரில் தூண்டில்: வெறுங்கையோடு திரும்ப வைக்கும் தவறுகள்

குமரிக் கடலில் மீன் கூடுவதற்காகக் கடலடியில் இறக்கப்பட்டிருக்கும் செயற்கைப் பார்கள் (திட்டுகள்), முக்கோணமும் வளையமுமாக வார்த்த கான்கிரீட் துண்டுகளின் குவியல்கள். ஒவ்வொன்றும் சிறிய இடத்துக்குள் அடங்கிவிடும். சுற்றிலும் வெறும் மணல்தான். முப்பது மீட்டர் தள்ளி நின்றாலும் கலவா மீன் கிடைக்காது. இரையையும் கொக்கியையும் குறை சொல்வதற்கு முன், வள்ளம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் தவறு ஜிபிஎஸ்ஸில் எண் பதிவதில் நடக்கிறது. ஒருவர் 8.125 டிகிரி என்று சொல்வார். கருவி டிகிரி–நிமிட முறையில் இருந்தால் கேட்டவர் 8 டிகிரி 12.5 நிமிடம் என்று பதிந்துவிடுவார். சரியான கணக்கு 8 டிகிரி 7.5 நிமிடம். அட்சரேகையில் 5 நிமிடப் பிசகு என்றால் 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல். எண்ணை வாங்கும்போதே எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே கணிச்சமும் பார்த்து வையுங்கள்: கரையில் கோயில் கோபுரமும் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே நேராக வரும் கோடு ஒன்று, அதை வெட்டும் கோடு இன்னொன்று. இரண்டும் ஏறத்தாழ செங்கோணத்தில் வெட்ட வேண்டும். கோணம் குறுகினால் கண் கொஞ்சம் பிசகினாலும் இடம் வெகுவாக மாறிவிடும்.

அடுத்தது நங்கூரம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எக்கோ சவுண்டரில் (ஒலியால் கடலடியைக் காட்டும் கருவி) பார் தெரிந்ததும் அதே இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் இரண்டு கேடு. ஒன்று, அது கான்கிரீட்டில் மாட்டிக்கொள்ளும். மற்றது, 15 மீட்டர் ஆழத்துக்கு அதன் மூன்று மடங்காக 45 மீட்டர் கயிறு விட்டால் வள்ளம் நங்கூரத்திலிருந்து ஏறத்தாழ 42 மீட்டர் விலகிப் போய் நிற்கும். அங்கே மணல்தான் இருக்கும்.

பாருக்கு மேல் எஞ்சினை அணைத்து மூன்று நான்கு நிமிடம் வள்ளத்தை மிதக்க விடுங்கள். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பது ஜிபிஎஸ் தடத்தில் தெரியும். அதற்கு நேர் எதிர்த் திசையில் 50 மீட்டர் ஏறிச் சென்று நங்கூரம் இறக்கினால், வள்ளம் பாரின் மேலோட்டப் பக்கத்தில், அதாவது நீரோட்டம் வந்து மோதும் பக்கத்தில், வந்து நிற்கும். இரைக்குக் காத்திருக்கும் மீன் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் கூடும். அரை மணிக்கு ஒருமுறை நிலையைச் சரிபாருங்கள். நீரோட்டம் திரும்பினால் வள்ளமும் திரும்பும்.

கயிற்றை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் கட்டி, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் பிணைத்து வைத்தால், மாட்டிக்கொண்ட நேரத்தில் இழுக்கும்போது நூல் அறுந்து நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். நங்கூரக் கயிற்றை அணியத்தில்தான் (வள்ளத்தின் முன்முனை) கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். அப்படி வள்ளம் மூழ்கியிருக்கிறது.

ஈயத்தை முதன்மைத் தங்கூஸிலேயே (நைலான் தூண்டில் நூல்) கட்டுவதும் வீண் செலவு. முதன்மை 0.80 மி.மீ. என்றால் ஈயத்துக்கு 0.40 போதும், சிக்கினால் ஈயம் மட்டும் போகும். 100 கிராமில் தொடங்கி, தங்கூஸ் ஏறக்குறைய நேராக நிற்கும் வரை 50 கிராமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். சாய்ந்து கிடந்தால் இரை பாரைத் தாண்டிப் போயிருக்கும். ஈயம் தரை தொட்டதும் அரைப் பாகம் (ஏறத்தாழ மூன்று அடி) தூக்கிப் பிடியுங்கள்.

கலவா கடித்ததும் பொந்துக்குள் ஓடும். முதல் சில நொடிகளில் தளர்வு கொடுத்தால் அவ்வளவுதான். உள்ளே போய்விட்டால் முரட்டுத்தனமாக இழுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் தளர்த்தி வையுங்கள். பல நேரம் தானாக வெளியே வரும். வட்டக் கொக்கி போட்டிருந்தால் சட்டென்று வெட்டி இழுக்கக் கூடாது, சீராகச் சுற்றினாலே வாயோரத்தில் ஏறிவிடும். கிளாத்தி மீன் இரையைத் திருடினால் சாளையை (மத்தி) விட்டுக் கணவாய்க்கு மாறுங்கள். கணவாயை விரல் அகலத்துக்கு மெல்லிய பட்டையாக அறுக்க வேண்டும். தடித்த துண்டு சுழன்று தங்கூஸை முறுக்கிவிடும்.

பாரின் மேல் வலை விரிக்கவே வேண்டாம். கான்கிரீட்டில் சிக்கி அறுந்த வலை, எடுக்க ஆளில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். வெளியூர்க்காரர்கள் அந்தந்த ஊரில் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

கரையிலிருந்து தூண்டில் போடுகிறவர்களின் பெரிய தவறு, காற்றில்லாத நாளைப் பாதுகாப்பான நாளாக நினைப்பது. கள்ளக்கடல் தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை. இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். முட்டம் பாறைகளில் இறங்குமுன், கடல் எச்சரிக்கை தரும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மேலே நின்று இருபது நிமிடம் அலையைக் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும், இடைவெளியில் கடல் ஏமாற்றும். நனைந்து கறுத்த பாறை, அலை எட்டும் பாறை. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. எச்சரிக்கை இருக்கும் நாளில் முகத்துவாரத்தை விட்டு விலகி, மணக்குடிக் காயலின் உள்பக்கம் போய் மடவை மீனுக்குத் தூண்டில் போடலாம்.