பல்லுக்கு கிளிப் போட்டுட்டு அமெரிக்கா வர்றவங்க மாத்திரை போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பாதி ட்ரீட்மெண்ட்ல கிளம்பி வர்றீங்கன்னா ஊர் டாக்டர்கிட்ட எக்ஸ்ரே, ஃபைல் எல்லாம் கேட்டு வாங்கிக்கோங்க, இன்சூரன்ஸ்ல கிளிப்புக்கு காசு வருமான்னு பாத்துக்கோங்க. அது எல்லாரும் சொல்றதுதான். நான் சொல்ல வந்தது வலி மாத்திரை பத்தி.

கம்பி டைட் பண்ண சில மணி நேரத்துல வலி ஆரம்பிக்கும், மறுநாள்தான் உச்சம், இட்லிகூட மெல்ல முடியாது, அப்புறம் மெதுவா தணியும். நம்மூர்ல டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார். இங்க "டைலனால் போட்டுக்கோ"ன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான்.

டல்லாஸ்ல எம்எஸ் படிக்கற என் தம்பிக்கு கம்பி டைட் பண்ண அன்னிக்கே சளியும் பிடிச்சுது. ஒரே நாள்ல அவன் போட்டது, அம்மா பெட்டியில வச்சு அனுப்பின காம்பிஃப்ளாம் 3, எக்ஸ்ட்ரா ஸ்ட்ரெங்த் டைலனால் 6, ராத்திரி தூங்கறதுக்கு நைக்வில்ங்கற சளி மாத்திரை 2. தனித்தனியா பாத்தா எதுவுமே அளவு மீறல, டைலனால் டப்பாவுல போட்டிருக்கறதே ஒரு நாளைக்கு 6தான். ஆனா நம்ம பாராசிட்டமாலுக்கு இங்க பேரு அசிட்டமினோஃபென், மூணுலயும் அதே மருந்துதான் இருக்கு! கூட்டிப் பாருங்க, 975, 3000, 650, மொத்தம் 4625 மில்லிகிராம். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4000 தாண்டக்கூடாது, தாண்டினா லிவருக்கு ஆபத்து.

ரூம்மேட் லேபிளைப் படிச்சு சொன்னதும் பயந்துபோய் ராத்திரி 1 மணிக்கு எமர்ஜென்சிக்கு ஓடினாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல, ஆனா வந்த பில்லை அவன் மாசாமாசம் கட்டிட்டு இருக்கான், அதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. முதல்ல கூப்பிட வேண்டியது பாய்சன் கண்ட்ரோல், அதாவது மருந்து அதிகமானாலோ விஷம் உள்ள போனாலோ கேக்கற ஹெல்ப்லைன், 1-800-222-1222. 24 மணி நேரமும் இலவசம், எதை எத்தனை எப்போ போட்டீங்க, எடை எவ்ளோன்னு கேட்டுட்டு ஆஸ்பத்திரி போகணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லுவாங்க. இந்த மருந்து அதிகமானா முதல் நாள் ஒண்ணுமே தெரியாமகூட இருக்கும், அதனால நல்லாத்தானே இருக்கேன்னு சும்மா இருந்துடாதீங்க. நினைவு தப்பினா 911தான், யோசிக்கவே வேண்டாம்.

இங்க கிடைக்கற இன்னொரு வலி மாத்திரை அட்வில், அதுல இருக்கறது ஐபுப்ரோஃபென். காம்பிஃப்ளாம்ல அதுவும் 400 இருக்கு, அதனால அந்த ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க. பல் நகர்றதை அது மெதுவாக்கிடும்னு சில டாக்டர்கள் வேண்டாம்பாங்க, கேட்டுட்டு போடுங்க.

தயிர் சாதத்தை நல்லா குழைய பிசைஞ்சு சாப்பிடுங்க, கம்பி குத்தற இடத்துல கிளிப்புக்குன்னே இருக்கற மெழுகு வைங்க. பெட்டி கட்டும்போதே ஒவ்வொரு அட்டை மேலயும் உள்ள என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்னு மார்க்கர்ல எழுதிடுங்க, எங்க அம்மா இப்ப அப்படித்தான் தமிழ்லயே எழுதி அனுப்பறாங்க.