கணவர் வெளிநாட்டில் இருக்கையில் கரு தங்காமல் போனால்

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் வளைகுடா வேலைக்குப் போனவர்களின் மனைவியருக்கு, கர்ப்பம் என்பது பெரும்பாலும் அவர் விடுப்பு முடிந்து விமானம் ஏறிய பிறகே உறுதியாகிறது. அந்த மகிழ்ச்சியைத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். கரு கலைந்துபோனால் அதைச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. பெரியவர் ஒருவர் இறந்தால் துக்கம் கேட்க ஊரே வரும், பதினாறாம் நாள் காரியம் நடக்கும். பத்து வாரத்தில் போன கருவுக்கு அப்படி எதுவும் கிடையாது. நானும் ஒருமுறை அதைக் கடந்து வந்தவள் என்பதால், அந்த நாள்களில் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, காய்ச்சல், தலைசுற்றல், துர்நாற்றம் இருந்தாலோ, அவர் போனை எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அதற்குரிய ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கருப்பையைச் சுத்தம் செய்வதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும் என்று சில இடங்களில் தாமதம் செய்வதுண்டு. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும் என்பதை உடன் வருபவரும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து, பழி. பைக்கில் போனாயா, பப்பாளி தின்றாயா, குடம் தூக்கினாயா என்று கேள்விகள் வரும். கேட்காதவர்களின் பார்வையிலும் அதுவே இருக்கும். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தங்குவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் கலைகின்றன, அப்படிக் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம். இதை நீங்கள் சொன்னால் வீட்டில் எடுபடாமல் போகலாம். ஆகவே மறுபரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் சென்று, அவர் காதுபட மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் கடினமானது, அவரிடம் சொல்வது. நான் சொல்லவில்லை. காய்ச்சல் என்றேன், வீடியோ காலில் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சிக்னல் இல்லையென்று தவிர்த்தேன். அங்கே தனியாகக் கிடக்கும் மனிதரை ஏன் வருத்த வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. ஒன்பதாம் நாள், விடுப்பில் வந்திருந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், என் கணவர் கொடுத்தனுப்பிய பெட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், மாமாவுக்கு ஒரு டார்ச் லைட், எல்லாவற்றுக்கும் அடியில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத ஓர் இளமஞ்சள் குழந்தைப் போர்வை. எனக்கு முடிந்துபோயிருந்த ஒன்றை அவர் ஒன்பது நாளாக அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. மறைப்பதால் அவருடைய துக்கம் குறைவதில்லை. பின்னால் தெரியவரும்போது, தன்னை விலக்கி வைத்தார்கள் என்ற வருத்தமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே உடல் ஆபத்தில் இல்லை என்று தெரிந்தவுடன், கூடுமானவரை ஓரிரு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். ஆனால் நேரம் பாருங்கள். சவூதி, கத்தார், குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரமும், அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. நமக்கு இரவு பத்து என்றால் சவூதியில் ஏழரை, வேலை முடிந்து அறைக்குத் திரும்பிச் சாப்பிடும் வேளை. சாரத்தின் மேல் நிற்பவரிடமோ, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரிடமோ சொல்லக் கூடாது. வார விடுமுறைக்கு முந்தைய இரவு கிடைத்தால் அதுவே நல்லது. அறையில் உடன் இருக்கும் நம்பகமான நண்பர் அன்று அருகில் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவோ கொழுந்தனாரோ முந்திக்கொண்டு சொல்ல விடாதீர்கள், குறுஞ்செய்தியிலும் வேண்டாம். உங்கள் குரலிலேயே, முதல் வாக்கியத்தில் உங்கள் நலத்தையும் இரண்டாவதில் செய்தியையும் வையுங்கள்: “என்னங்க, நான் நல்லா இருக்கேன், பயப்படாதீங்க. நம்ம பிள்ளை தங்கலைங்க.” அதற்குப் பின் மௌனம் வரும். அதை நிரப்ப வேண்டியதில்லை, போனையும் வைத்துவிட வேண்டாம். சில ஆண்கள் அழுவார்கள். சிலர் ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஆனது என்று கேட்டு அன்றே பணம் அனுப்புவார்கள். அந்தப் பணத்தைப் பார்த்து, இவருக்கு வலிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அத்தனை தொலைவிலிருந்து அவர் கையால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஊருக்கு வருவதா வேண்டாமா என்ற பேச்சை இரண்டாம் அழைப்புக்கு ஒத்திவையுங்கள். அவசர விடுப்பு கம்பெனியைப் பொறுத்தது. இப்போது பத்து நாள் வந்தால் அடுத்த விடுப்பு தள்ளிப்போகுமா என்று விசாரித்த பிறகே இருவரும் அமைதியாக முடிவு செய்ய முடியும்.

வீட்டுக்குள் உங்கள் துக்கத்தை அறிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அது நீங்கள் எதிர்பார்க்காதவராகவும் இருக்கலாம். போர்வை வந்த அன்று மாலை, அதுவரை என்னிடம் அதிகம் பேசாத அத்தை உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எனக்கும் ரெண்டு தங்கல. உங்க மாமாகிட்டகூட நான் வாய்விட்டு அழுததில்லை,” என்றார். அன்றிரவுதான் நான் என் கணவருக்குப் போன் செய்தேன்.

கிராம சுகாதார செவிலியரிடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பிக்மி எண் வாங்கியிருந்தால் உங்கள் பெயர் கர்ப்பிணிகள் பதிவில் இருக்கும். சொல்லாவிட்டால் ஐந்தாம் மாதத்தில் யாரேனும் வாசலில் நின்று, ஊசி போட்டாச்சா என்று கேட்கக்கூடும். வேலைக்குப் போகிறவர்கள், மகப்பேறு விடுப்புக்குத் தகுதி பெற்றிருந்தால், கருச்சிதைவுக்கும் சம்பளத்துடன் ஆறு வார விடுப்பு சட்டப்படி உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரங்கள் நீண்டாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொரு நாள் இருக்கிறது. பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த தேதி. ஊரும் உறவும் அதை மறந்திருக்கும், உங்கள் உடல் மறக்காது. ஒரு வாரம் முன்பே அவரிடம் அந்தத் தேதியைச் சொல்லி, அன்று இரவு அழைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அன்று அதிகம் பேசவில்லை. போர்வையை என்ன செய்தாய் என்று கேட்டார், பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது என்றேன், இருக்கட்டும் என்றார்.